காப்பை அடைவு வைத்து விமான எரிபொருள் பங்கு வாங்கலாமா?

கேள்வி: விசுவமடுவில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் வயல் செய்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, ஜீவோ என்ற அமெரிக்கக் கம்பனியின் பங்கை வாங்கச் சொல்கிறான். சூழலுக்குக் கேடு குறைந்த விமான எரிபொருளைச் சோளத்திலிருந்து செய்யப்போகிறார்களாம். ஒருகாலத்தில் உச்ச விலைக்குப் போன பங்கு இன்று சில டொலர்தான், இதை விட்டால் கிடைக்காது என்கிறான். நான், கணவரின் தம்பி, பக்கத்து வளவு ஆசிரியர், சங்கக்கடை முகாமையாளர் என நாலு பேர் ஆளுக்கு மூன்று இலட்சம் போட்டு, தம்பியின் பெயரில் வாங்குவது என்று கதைத்தோம். இப்போது எங்களுக்குள் ஒத்துவரவில்லை. ஐரோப்பாவில் சட்டமே போட்டுவிட்டார்கள், இது தோற்காது என்கிறார் ஆசிரியர். விமானக் கம்பனிகள் ஒப்பந்தம் எழுதிவிட்டன, பயமில்லை என்கிறார் கணவரின் தம்பி. இத்தனை வருடம் சந்தையில் இருந்தும் பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டி முடிக்காத கம்பனி என்கிறார் முகாமையாளர். என் கையில் காசு இல்லை. இரண்டு காப்பை அடைவு வைக்கலாம் என்று இருக்கிறேன். ஓவர்லொக் மெஷின் வாங்கவென்று வைத்திருந்த நகை அது. என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, காப்பை அடைவு வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். அடைவுக் காசுக்கு மாதா மாதம் வட்டி ஏறும். இந்தப் பங்கு இலாபப்பங்கு எதுவும் தருவதில்லை. விலை ஏறினால் விற்றுத்தான் காசு பார்க்கலாம், அந்த ஏற்றம் எப்போது வரும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. அடைவுச் சீட்டிலோ நாள் குறித்திருக்கிறது. தவணைக்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். நாள் குறித்த கடனை எடுத்து நாள் தெரியாத வரவில் போட்டால், பங்கு ஒருநாள் ஏறினாலும் அதைப் பார்க்க நீங்கள் அதற்குள் இருக்க மாட்டீர்கள்.

சரி, உங்கள் வாக்குவாதத்துக்கு வருகிறேன். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் ஒரே விடயத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆசிரியர் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்கிறார், முகாமையாளர் இந்தப் பங்கைப் பற்றிச் சொல்கிறார். தொழில் வளர்ந்தும் பங்கு தேயலாம். ஜீவோவில் இதுவரை நடந்தது அதுதான்.

ஆசிரியரின் சட்டம் மெய்யானது. 2025 முதல் ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் நிரப்பும் எரிபொருளில் 2 சதவீதம் நிலைபேறான, அதாவது சூழலுக்குக் கேடு குறைந்த எரிபொருளாக இருக்க வேண்டும். 2030இல் அது 6 சதவீதம், 2050இல் 70 சதவீதம். பிரித்தானியாவும் 2025இல் 2 சதவீதத்தில் தொடங்கி 2030இல் 10 சதவீதம் கேட்கிறது. 2024இல் உலகம் முழுவதும் இந்த எரிபொருள் உற்பத்தியானது சுமார் பத்து இலட்சம் தொன். விமானங்கள் குடித்த மொத்த எரிபொருளில் அது 0.3 சதவீதம் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கணக்குச் சொன்னது. ஆகவே தேவை இருக்கிறது, பொருள்தான் போதாது. இப்போதைய எஞ்சினிலேயே சாதாரண எரிபொருளோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்ட அனுமதி உண்டு. 2023 நவம்பர் 28இல் வேர்ஜின் அற்லான்ரிக் விமானம் ஒன்று முழுக்க முழுக்க இந்த எரிபொருளிலேயே லண்டனிலிருந்து நியூயோர்க் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தச் சட்டம் எந்த எரிபொருளைக் கணக்கில் எடுக்கிறது? உணவுப் பயிரிலும் தீவனப் பயிரிலும் இருந்து செய்த எரிபொருளை ஐரோப்பியச் சட்டம் ஏற்பதில்லை. பிரித்தானியாவும் அப்படித்தான். பாவித்த சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, கழிவு போன்றவற்றில் இருந்து வருவதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். சாப்பாட்டுக்கான நிலம் எரிபொருளுக்குப் போய்விடக் கூடாது என்பது அவர்கள் நியாயம். வயல் செய்கிற உங்கள் வீட்டாருக்கு அதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஜீவோவின் பெரிய திட்டம் சோளத்தில் எதனோல் என்ற மதுசாரத்தை வடித்து, அதை விமான எரிபொருளாக மாற்றுவது. ஆசிரியர் நம்பியிருக்கும் சட்டம், இந்தக் கம்பனி செய்ய நினைக்கும் பொருளுக்குக் கதவைத் திறக்கவே இல்லை. அந்தச் சந்தையில் முன்னுக்கு நிற்பது கழிவெண்ணெயில் செய்யும் பின்லாந்தின் நெஸ்ரே போன்றவர்கள்.

அப்படியானால் ஜீவோவுக்கு மிஞ்சுவது முக்கியமாக அமெரிக்கா. அங்கே கட்டாயச் சட்டம் இல்லை, வரிச்சலுகைதான். 45இசட் என்று அதற்குப் பெயர். விமான எரிபொருளுக்கு ஒரு கலனுக்கு 1.75 டொலர் வரை என்று இருந்தது, 2025 யூலையில் போட்ட சட்டத்தால் 2026 முதல் 1 டொலராகக் குறைந்தது. சலுகைக் காலத்தை 2029 முடியும் வரை நீட்டினார்கள், ஆனால் விமான எரிபொருளுக்கென்று இருந்த மேலதிகத் தொகையை எடுத்துவிட்டார்கள். ஒரே கையெழுத்தில் கலனுக்கு 75 சதம் போய்விட்டது. சாதாரண விமான எரிபொருளைவிட இது செய்ய எத்தனையோ மடங்கு கூடச் செலவாகும் தொழிலில் அந்த 75 சதம் பெரிய காசு.

கணவரின் தம்பி சொன்ன ஒப்பந்தமும் பொய்யில்லை. 2022இல் டெல்ரா விமான நிறுவனம் ஏழு வருடத்துக்கு, வருடம் 7 கோடியே 50 இலட்சம் கலன் வாங்க ஜீவோவுடன் உடன்பட்டது. ஆனால் தொழிற்சாலை எழும்பி எரிபொருள் வந்தால்தான் அந்தத் தாள் செல்லும். காலபோகத்துக்கு முன்பே யாவாரி வந்து, விளையட்டும், முழு நெல்லையும் நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லையா? அந்தச் சொல்லை வைத்து யாரும் உரக்கடைக் கடனை அடைக்க முடியாது.

தொழிற்சாலை ஏன் எழும்பவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் காணிப் பிரச்சினை நமக்குத் தெரிந்த பிரச்சினை. தெற்கு டகோட்டா மாநிலத்தில் லேக் பிரஸ்ரன் என்ற ஊரில் வருடம் 6 கோடி கலன் உற்பத்தி செய்யும் ஆலை என்பது திட்டம். 2022இல் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஒக்ரோபரில் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் 146 கோடி டொலர் கடனுக்கு நிபந்தனையோடு பிணை நிற்கச் சம்மதித்தது. ஆனால் ஆலையில் வெளிவரும் கரியமில வாயுவை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் நிலத்தடியில் புதைத்தால்தான் எரிபொருளுக்கு நல்ல சலுகை கிடைக்கும். அதற்குக் குழாய் போட வேண்டும். குழாய் போகும் வழியில் இருந்த கமக்காரர்கள் காணி தர மாட்டோம் என்று நின்றார்கள். 2025 மார்ச்சில் அந்த மாநிலம், கரியமிலக் குழாய்க்காக யாருடைய காணியையும் கட்டாயமாக எடுக்க முடியாது என்று சட்டம் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு கம்பனி வட டகோட்டாவில் பாதியளவு ஆலை ஒன்றை முன்னுக்குக் கொண்டுவந்தது.

நியாயமாகச் சொன்னால், வட டகோட்டாவில் அவர்கள் நல்ல காரியம் ஒன்று செய்தார்கள். 2025 தொடக்கத்தில் 21 கோடி டொலருக்கு, ஓடிக்கொண்டிருந்த எதனோல் ஆலை ஒன்றை வாங்கினார்கள். அந்த ஆலை தன் கரியமில வாயுவைத் தன் நிலத்தடியிலேயே புதைக்கிறது, நீண்ட குழாய் தேவையில்லை. அந்த வருடம் இரண்டாம் காலாண்டில் கம்பனி சிறிய நிகர இலாபமும் காட்டியது. அந்த இலாபத்துக்குக் கைகொடுத்தது மேலே சொன்ன வரிச்சலுகைதான். ஆகவே இது ஏமாற்றுக் கம்பனி இல்லை. உங்கள் தம்பியும் உங்களை ஏமாற்றவில்லை.

ஆனால் தம்பி பார்த்த அந்த "உச்ச விலை" விடயத்தில் அவர் தவறிவிட்டார். ஜீவோ 2011 பெப்ரவரியில் ஒரு பங்கு 15 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. 2015இல் பதினைந்து பங்கை ஒன்றாக்கினார்கள். 2017இல் இருபதை ஒன்றாக்கினார்கள். 2018இல் மறுபடி இருபதை ஒன்றாக்கினார்கள். விலை ஒரு டொலருக்குக் கீழே கிடந்தால் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இருந்து நீக்கிவிடுவார்கள் என்பதால் இப்படிச் செய்வார்கள். பத்து நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து ஒரு ஆயிரம் ரூபாய்த் தாளை வாங்குவது போலத்தான், அதனால் மட்டும் நட்டமில்லை. ஆனால் பெருக்கிப் பாருங்கள்: 15, 20, 20. ஆறாயிரம். 2011இல் 6000 பங்கை 90,000 டொலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தவரிடம் இன்று இருப்பது ஒரேயொரு பங்கு. தம்பி கைபேசியில் பார்க்கும் விலை வரைபடத்தில் பழைய விலை அவ்வளவு உயரமாகத் தெரிவது இந்தப் பெருக்கலால்தான். அது திரும்பிப் போகக் காத்திருக்கும் விலை இல்லை.

கூடவே, காசு திரட்டக் கம்பனி விற்கும் புதுப்பங்கு. நாலு பேர் சேர்ந்து எட்டு ஏக்கர் வயல் வைத்திருக்கிறீர்கள், கிணறு வெட்டக் காசு வேண்டும் என்று இன்னும் நாலு பேரைச் சேர்க்கிறீர்கள், பிறகு பம்புக்கு இன்னும் எட்டுப் பேர். வயல் அதே எட்டு ஏக்கர். உங்களுடைய இரண்டு ஏக்கர் அரை ஏக்கராகிவிட்டது. கிணறும் பம்பும் விளைச்சலைக் கூட்டினால் அது பரவாயில்லை. கூட்டும் வரைக்கும் உங்களுக்கு இழப்புத்தான். 2021 யனவரியில் மட்டும் ஜீவோ 8 டொலர் வீதம் புதுப்பங்கு விற்று 35 கோடி டொலர் எடுத்தது. அப்போது வாங்கி விடாமல் வைத்திருந்தவர்கள் பின்னர் அதன் கால்வாசி விலையைப் பார்த்தார்கள். ஆலை கட்ட இன்னும் பெருங்காசு தேவைப்படும் கம்பனி இது.

இந்தத் தொழிலில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். குப்பையில் இருந்து விமான எரிபொருள் செய்ய வந்த ஃபுல்க்ரம் என்ற கம்பனியில் யுனைற்றட் விமான நிறுவனமும் பிபி எண்ணெய்க் கம்பனியும் காசு போட்டிருந்தன. 2024 செப்ரெம்பரில் அது வங்குரோத்து மனு கொடுத்தது. நம் வேலியோரக் காட்டாமணக்கு நினைவிருக்கிறதா? 2008 டிசம்பரில் அதன் எண்ணெயைப் பாதி கலந்து நியூசிலாந்து விமானம் ஒன்று பறந்தது, உலகமே அந்தச் செடியைப் பற்றிக் கதைத்தது. அதைப் பயிரிடும் டி1 ஓயில்ஸ் கம்பனியோடு 2007இல் கூட்டுச் சேர்ந்த பிபி, 2009இல் கையைக் கழுவிவிட்டது. பறந்தது உண்மை. பங்கு வாங்கியவர்கள் இழந்ததும் உண்மை.

அப்புறம், தம்பியின் பெயரில் வாங்குவது. பங்கு விலையைவிட எனக்கு இதுதான் கூடக் கவலை. சட்டப்படி அந்தப் பங்கு அவருடையது, இலாபம் வந்தால் வரியும் கனடாவில் அவர் தலையில். நாளைக்கு அவருக்கு ஒன்று நேர்ந்தால் ஆசிரியரும் முகாமையாளரும் எந்தத் தாளைக் காட்டிக் கேட்பார்கள்? காசு எப்படிப் போகும் என்றும் நீங்கள் எழுதவில்லை. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, அனுப்பவே வேண்டாம். அம்மாவுக்கு அவர் அனுப்ப வேண்டியதை நீங்கள் இங்கே கொடுத்து, அவர் அங்கே பங்கு வாங்குவதும் அதே வகைதான், எந்தப் பதிவும் இருக்காது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி, இங்கே வசிப்பவர் வெளிநாட்டில் முதலிட வங்கி வழியாக, அந்தந்த நேரத்து வரையறைக்குள்தான் போகலாம். வங்கி முகாமையாளரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் நகரக் கூடாது.

தம்பிக்கு நம்பிக்கை இருந்தால், தன் உழைப்பில், இழந்தாலும் தாங்கக்கூடிய தொகைக்கு வாங்கட்டும். நீங்கள் நாலு பேரும் காசு போடாமல் ஒரு வருடம் பாருங்கள்: ஆலைக்கான முழுக் கடனும் கைக்கு வந்ததா, மொத்தப் பங்கு எண்ணிக்கை எவ்வளவு கூடியது, வரிச்சலுகை நிற்கிறதா. கையில் மிச்சக் காசுள்ள மற்ற மூவருக்கும் பங்குச் சந்தை பழக ஆசையென்றால், கொழும்புப் பங்குச் சந்தையில் தங்கள் சொந்தப் பெயரில் கணக்குத் திறந்து சிறிதாகத் தொடங்கலாம். வைப்பில் போட்டால், அனுமதி பெற்ற ஒவ்வொரு வங்கியிலும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் வெள்ளம் வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். வயலை நம்பும் வீட்டில் ஒரு போகச் செலவாவது தொடாமல் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி கடைசிக்கு முந்திய வரிதான். ஓவர்லொக் மெஷின். பள்ளிச் சீருடை தைக்கும் காலத்தில், அந்த மெஷின் இல்லாததால் எத்தனை உருப்படியைத் திருப்பி அனுப்பினீர்கள், ஒன்றுக்கு என்ன கூலி, மெஷின் இப்போது என்ன விலை என்று எழுதி அனுப்புங்கள். எத்தனை மாதத்தில் அந்தக் காசு திரும்பும் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம். அதற்காகக் காப்பை விற்பதா, ஒரு காப்பை மட்டும் அடைவு வைப்பதா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்வேன்.