இளவயதில் நீங்கள் நேரில் கேட்டு மயங்கிய இசைக்குழு எது?

ராக் பேண்டு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, எங்களுக்கு அது ஆடி மாதத்து ஆர்கெஸ்ட்ராதான். எண்பதுகளின் கடைசியில் வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கேட்டவை எல்லாம் இன்னும் காதில் இருக்கின்றன.

காலையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்ததும், மதியமே தெருவை அடைத்துச் சவுக்குக் கம்பு நட ஆரம்பித்துவிடுவார்கள். நோட்டீஸில் எட்டு மணி என்று போட்டிருக்கும், தொடங்க ஒன்பதரை ஆகும். நாங்கள் ஆறு மணிக்கே போய் மேடைக்கு முன்னால் இடம் பிடித்துவிடுவோம். வேனிலிருந்து டிரம்ஸ் செட்டை இறக்கி ஒவ்வொன்றாக முடுக்குவதைப் பார்ப்பதே எங்களுக்குப் பாதிக் கச்சேரி.

டீக்கடை டேப் ரெக்கார்டரில் மட்டுமே கேட்டவரை, பாட்டு என்றால் எனக்குப் பாடகர் மட்டும்தான். ஒரு பாட்டுக்குள் இத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தது அந்த மேடைகளில்தான்.

1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ ஒவ்வொரு குழுவின் கிடாரிஸ்டுக்கும் பரீட்சை. தொடக்கத்தில் வரும், இளையராஜா அமைத்த அந்த கிடார் இசையில் ஒரு விரல் பிசகினாலும் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஒல்லியாக ஒரு அண்ணன், இரண்டு விரலில் பிளாஸ்திரி சுற்றியிருப்பார். அவர் வாசிக்கும்போது கம்பியில் விரல் உரசும் சத்தம்கூட ஸ்பீக்கரில் கேட்கும். வேர்க்கடலை விற்பவர் வண்டியில் தட்டுவதை நிறுத்திவிடுவார். யாராவது மேடையேறி அவர் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்துவார்கள். அண்ணன் நிமிர்ந்தே பார்க்க மாட்டார்.

பதினோரு மணிக்கு மேல் குத்துப்பாட்டு. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒற்றைக் கால் ஊன்றியபடியே நாலு பாட்டு கேட்டுவிட்டுப் போவார்கள். வேண்டிய பாட்டை எழுதிய சீட்டுகள் கூட்டத்தில் கைமாறிக் கைமாறி மேடைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் விதி வந்தது. உடம்பு முடியாதவர்களையும் படிக்கிற பிள்ளைகளையும் நினைத்தால் அது சரிதான். ஆனால் சூடு பிடிக்கிற நேரத்தில் கச்சேரியை மூட்டை கட்டுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

அப்புறம் அதே சிலிர்ப்பு எனக்கு வந்தது 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரி. சினிமா இயக்குநர் பா. இரஞ்சித் முன்னெடுத்து, இசையமைப்பாளர் டென்மா ஒருங்கிணைத்த 19 பேர். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டு வாசலில் விடிய விடியக் கேட்ட கானாவுக்கு, அன்று எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் துணை நின்றன. அந்தப் பாட்டுக்கு அப்படி ஒரு மேடை கிடைத்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட வந்த என் மகன் அப்போது காலேஜில் இருந்தான். அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் யோசிக்காமல் இவர்களைத்தான் சொல்வான்.