சொந்தப் பாணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிராஃபிக் டிசைன் இறுதியாண்டு படிக்கிறேன். எழுத்துகளை வளைத்து வளைத்து வரையும் ஆசைதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது. இப்போது எதைச் செய்தாலும் பின்டரெஸ்ட் என்ற படத் தளத்தில் ஏற்கெனவே பார்த்ததுபோல இருக்கிறது. என் வேலைகளைத் தொகுத்த போர்ட்ஃபோலியோவில் என் பாணி தெரியவில்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். எனக்குள் உண்மையான உந்துதலே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கே.

அன்புள்ள கே.,

படிக்கும் காலத்தில் கையில் இருப்பது பெரும்பாலும் பிடித்தவர்களின் சாயல்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு இடிப்பது வேறொன்று. ஆசை, பயம், பாணி என்று கடிதம் முழுக்க உங்களைப் பற்றியே இருக்கிறது. நீங்கள் செய்ததை யார் பார்ப்பார்கள், என்ன அவசரத்தில் பார்ப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

டெபோரா ஆட்லரைத் தெரியுமா? நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் முதுகலை படித்தவர். அவருடைய பாட்டி ஹெலன் ஒருநாள் தாத்தா ஹெர்மனின் மாத்திரையைத் தவறுதலாக விழுங்கிவிட்டார். அவசரத்தில் பார்த்தால் இரண்டு பெயருமே ஒன்றுபோலத்தான் தெரியும். பேத்தி அந்த மாத்திரை டப்பாக்களை எடுத்துப் பார்த்தார். லேபிளில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, மருந்தின் பெயரைத் தேட வேண்டியிருந்தது. டப்பா உருண்டை என்பதால் முழுதும் படிக்க அதைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதையே அவர் தன் ஆய்வேடாக எடுத்துக்கொண்டார். 2005இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் அந்த யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. டப்பாவின் முகம் தட்டையானது, மருந்தின் பெயர் லேபிளின் உச்சிக்குப் போனது, வீட்டில் ஆளுக்கொரு நிறத்தில் டப்பாவின் கழுத்தில் வளையம் வந்தது. டப்பாவின் வடிவத்தைச் செய்தவர் க்ளவுஸ் ராஸ்பர்க் என்ற இன்னொரு வடிவமைப்பாளர். இந்தத் தொழிலில் தனி மேதைக்கு வேலை குறைவு, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த லேபிளில் ஆட்லரின் பாணி எது என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது அடுத்து என்ற முடிவுகள்தான் தெரிகின்றன. உந்துதல் என்று நீங்கள் தேடுவது எனக்கு இப்படித்தான் படுகிறது: ஒரு எரிச்சல், யாரோ ஒருவர்மேல் கொஞ்சம் அக்கறை.

சரி, பாணி வரவே வராதா? வரும், பல நேரம் நெருக்கடியில் வரும். 1984இல் வந்த முதல் மேக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் செய்த ஐகான்களைப் பாருங்கள். 32க்கு 32 புள்ளிகள், கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான் இடம். வரைகட்டத் தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் பழகியவர் அவர். இன்று அந்த ஐகான்களைப் பார்த்ததுமே அவர் கை தெரிகிறது. வளைக்க இடமில்லாத இடத்தில் எதை விடுவது என்று முடிவெடுத்த கை அது.

பின்டரெஸ்டை விடச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கிடைப்பது விடை மட்டும். கேள்வி என்ன, எவ்வளவு குப்பைக்குப் போனது என்பதெல்லாம் தெரியாது.

அடுத்த போஸ்டரைச் செய்ததும் டிசைன் படிக்காத ஒருவரிடம் நீட்டி, ஐந்து விநாடியில் திரும்ப வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி எங்கே, எப்போது என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் ஃபான்ட்டை மாற்றுவதற்கு முன் வரிசையை மாற்றிப் பாருங்கள். அப்புறம், போர்ட்ஃபோலியோவில் ஒரு வேலைக்காவது கழித்துப்போட்ட வடிவங்களையும் ஏன் கழித்தீர்கள் என்பதையும் சேர்த்து வையுங்கள். நேர்காணலில் பேச்சு பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கும்.