தோட்டாக் கூடுகளை எடைபோட்டுப் பிரித்தும் செங்குத்துச் சிதறல் குறையவில்லையா?

ரைஃபிளுக்குத் தோட்டாவை நீங்களே தயாரிக்கும்போது பித்தளைக் கூடுகளை எடைபோட்டுப் பிரித்து, குண்டைப் பிடிக்கும் கழுத்தைச் சீவி, குண்டுகளை நீளம் பார்த்து அடுக்கியும் 1000 கெஜத்தில் மேலும் கீழுமாகச் சிதறுகிறது என்கிறீர்கள். கழுத்து சீவுவதை விட்டுவிடுங்கள். ஃபேக்டரி சேம்பரில், அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் தோட்டா அறையில், அதற்குப் பலன் மிகக் குறைவு.

செங்குத்தாகச் சிதறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேகத்தை. 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகையில் 140 கிரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்கு 2700 அடியில் கிளம்பினால், 10 அடி வித்தியாசமே அங்கே சுமார் இரண்டரை அங்குலம். குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபில் குறைந்தது 20 சுட்டுப் பாருங்கள். திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) நொடிக்கு 10 அடிக்குள் இருந்தால் தராசோடு இனி மல்லுக்கட்ட வேண்டாம்.

அதைத் தாண்டினால் கழுத்தின் பிடிமானத்தைப் பாருங்கள். குண்டைச் செருகும்போது ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கி, அடுத்தது முரண்டு பிடித்தால் அதுதான் அறிகுறி. சுடச் சுட, கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரக் கொண்டுவரப் பித்தளை இறுகும். ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு விதமாகக் குண்டை விடும். ஒரே லாட்டில், சம தடவை சுட்ட கூடுகளை ஒன்றாக வைத்து அனீல் செய்யுங்கள், அதாவது கழுத்தைச் சூடாக்கி இளக்குங்கள். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், கூட்டின் அடியில் அதற்கான குழியின் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். 3 குண்டு மட்டும் சுட்டு, அவை விழுந்த சிதறலை (குரூப்) நம்பி முடிவெடுக்காதீர்கள், அதில் தற்செயலே அதிகம். வெடிமருந்து அளவு, வெளியிடப்பட்ட உச்ச வரம்பைத் தாண்டவே கூடாது.

பக்கவாட்டுச் சிதறலுக்குக் கூட்டைக் குறை சொல்லாதீர்கள்: 1000 கெஜத்தில் குறுக்குக் காற்றை மணிக்கு 1 மைல் தவறாகக் கணித்தாலே 6 அங்குலம் போய்விடும்.