"சேர் சொன்னா விளங்குது, பேப்பரில வருகுதில்லை"

கேள்வி: கொட்டாஞ்சேனையில் பதினைந்து வருடமாக உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு நடத்துகிறேன். ஞாயிறு காலை மூன்று மணித்தியாலம், மண்டபத்தில் 180 பிள்ளைகள். நான் விளக்குவேன், பலகையில் கணக்குச் செய்து காட்டுவேன், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். "சேர் சொன்னா அப்படியே விளங்குது" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பேப்பர் கொடுத்தால் பாதிப் பேர் திணறுகிறார்கள். கல்வி டிப்ளோமா படிக்கும் என் மருமகள், "மாமா, லெக்சரில் 5 வீதம்தான் மனதில் நிற்குமாம், நீங்கள் இன்னும் பழைய முறையிலேயே நிற்கிறீர்கள்" என்கிறாள். மாற்றினால் பிள்ளைகள் வேறு சேரிடம் போய்விடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியர், கொழும்பு 13

பதில்: முதலில் அந்த 5 வீதத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கேட்டால் 5, வாசித்தால் 10, செய்து பார்த்தால் 75, பிறருக்குக் கற்பித்தால் 90 என்று ஒரு முக்கோணப் படம் ஆசிரியர் பயிற்சிகளில் பல காலமாகச் சுற்றுகிறது. அந்த எண்களுக்கு ஆய்வு ஆதாரம் எதுவும் கிடையாது. மனித ஞாபகம் இவ்வளவு ஒழுங்காக ஐந்தாலும் பத்தாலும் பிரிபடுமென்றால் நம் எல்லோருக்கும் வேலை சுலபம்.

ஆனாலும் மருமகள் சொல்ல வந்ததில் உண்மை இருக்கிறது. 2014 இல் அமெரிக்காவில் ஸ்கொட் ஃப்ரீமன் குழுவினர் விஞ்ஞானம், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த பல்கலைக்கழக வகுப்புகளில் சித்தியடையாதவர்கள் ஏறத்தாழ 34 வீதம். மாணவர்கள் வகுப்பிலேயே கேள்விக்கு விடை தேடி, தங்களுக்குள் கதைத்து, ஏதாவது செய்த வகுப்புகளில் அது 22 வீதம். சின்ன வித்தியாசம் இல்லை. அதற்காக அந்த இரண்டாவது வகையில் ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் பல வகுப்புகளில் விளக்கம் நடந்தது, இடையிடையே நிறுத்தினார்கள். ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையிடம் "நீயே கண்டுபிடி" என்றால் அது திகைத்துப்போய்ப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைத்தான் பார்க்கும். புதிதாகப் பாடம் தொடங்குபவர்களுக்குத் தெளிவான விளக்கமும் செய்துகாட்டிய கணக்கும் தேவை. அதை விட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது "அப்படியே விளங்குது" என்ற வரிதான். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் அறிமுகப் பௌதிகவியல் வகுப்புகளில் ஒரு சோதனை செய்தார்கள். பாடமும் ஒன்று, கையில் கொடுத்த தாளும் ஒன்று. ஒரு பாதிக்கு அனுபவசாலி ஆசிரியர் நேர்த்தியாக விரிவுரை செய்தார். மறுபாதி சிறு குழுக்களாக இருந்து அதே கணக்குகளோடு முதலில் தாங்களே மல்லுக்கட்டினார்கள், பிறகுதான் விளக்கம். அடுத்த பாடத்தில் இரு பகுதியினரையும் மாற்றிவிட்டார்கள். பரீட்சையில் கூடுதலாக எடுத்தது மல்லுக்கட்டியவர்கள். "நன்றாகப் படித்தோம்" என்று கூடுதலாகச் சொன்னதோ விரிவுரை கேட்டவர்கள்!

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. பலகையில் நீங்கள் கணக்குச் செய்யும்போது எந்தச் சமன்பாட்டை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவை எல்லாம் எடுப்பது நீங்கள். பிள்ளை ஒவ்வொரு வரியையும் சரி என்று தலையாட்டுகிறது, வரிகள் சரியாகத்தானே இருக்கின்றன. கொழும்பின் காலி வீதியில் பத்து வருடம் பஸ்ஸின் முன் சீட்டில் இருந்து போனவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? பேப்பரில் உங்கள் பிள்ளைகளுக்கு நடப்பது அதுதான்.

வீட்டில் செய்து பழகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் உங்கள் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை எங்கே போகிறது? ஒரு பணிஸைக் கடித்துக்கொண்டு பம்பலப்பிட்டிக்குக் கெமிஸ்ட்ரி வகுப்புக்கு. பின்னேரம் இணைந்த கணிதம். நம் பிள்ளைகளுக்குத் தனியாக இருந்து யோசிக்க நேரமே வைக்கவில்லை நாம். அதனால் யோசிப்பதற்கும் உங்கள் மூன்று மணித்தியாலத்துக்குள்ளேதான் இடம் பிடிக்க வேண்டும்.

180 பேரை வைத்துக்கொண்டு எப்படி என்பீர்கள். ஹாவர்டில் எரிக் மசூர் என்ற பௌதிகவியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்து பெரிய மண்டப வகுப்புகளிலேயே இதைச் செய்தார். நம் பல்தேர்வு வினாவுக்கு ஐந்து விடை, கையில் ஐந்து விரல், இதைவிட என்ன வசதி வேண்டும்? இருபது, இருபத்தைந்து நிமிடம் விளக்கியபின் ஒரு கேள்வி போடுங்கள். கணக்கே வேண்டாம். நேர் மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் ஆர்முடுகல் என்ன? ஒரு நிமிடம் யாரும் கதைக்கக்கூடாது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டட்டும், அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை காட்டாது. "பூச்சியம்" என்ற விடைக்கு எத்தனை விரல் எழும்புகிறது என்று பாருங்கள், கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். வேகம் பூச்சியமானால் ஆர்முடுகலும் பூச்சியம் என்று நினைக்கிற பிள்ளை உங்கள் சமன்பாடுகளை எல்லாம் பிழையில்லாமல் எழுதி வைத்திருக்கும்.

அநேகமாக எல்லோரும் சரியென்றால் அடுத்ததற்குப் போங்கள். அநேகமாக எல்லோரும் பிழையென்றால் திரும்ப விளக்குங்கள். விடைகள் பாதிக்குப் பாதி பிரிந்தால்தான் யோகம். வேறு விடை காட்டிய பக்கத்துப் பிள்ளையை இரண்டு நிமிடத்தில் சம்மதிக்க வைக்கச் சொல்லிவிட்டு, மறுபடி விரல். விடையை அதற்குப் பிறகு சொல்லுங்கள். மண்டபம் சந்தைபோல இரையும், மைக் உங்கள் கையில்தானே இருக்கிறது. மருமகளையும் ஒரு ஞாயிறு கூப்பிட்டு விரல் எண்ண வையுங்கள், மேடையிலிருந்து தனியாக எண்ண உங்களால் முடியாது.

ஒரு வகுப்பில் இப்படி நான்கு கேள்வி போதும். அதற்கு நேரம் எங்கே என்றால், நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதை நிறுத்துங்கள். வரைவிலக்கணங்களை அச்சடித்து டியூட்டில் கொடுத்துவிடலாம். ஒரு மனிதர் வாசிக்க 180 பேர் எழுதுவதற்குப் பெயர் படிப்பித்தல் இல்லை என்பது என் எண்ணம், கோபிக்க வேண்டாம்.

வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் போன கிழமைப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி, கொப்பியைத் திறக்காமல். 2006 இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வில், திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த பரீட்சையில் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்து வைத்தபோது, வாசிக்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஞாயிறுக்கு ஞாயிறு சந்திக்கிற உங்களுக்கு எந்தப் பரீட்சை முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. புள்ளி போட வேண்டாம், அவர்களே திருத்தட்டும்.

இனிப் பிள்ளைகள் போய்விடுவார்களோ என்ற பயம். ஞாயமான பயம்தான், இது உங்கள் வீட்டு அடுப்பெரிகிற விஷயம். "சேர் இப்ப குறைவாத்தான் படிப்பிக்கிறார்" என்ற பேச்சு முதல் மாதத்திலேயே வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். அந்த ஹாவர்ட் ஆய்வாளர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். தவணைத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் "கஷ்டமாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் கூடப் படிக்கிறீர்கள்" என்று ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னபோது அவர்களின் மனப்போக்கு நல்ல பக்கம் மாறியது. நீங்களும் முதல் நாளே, முடிந்தால் பெற்றோரையும் வைத்துக்கொண்டு, சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டிப்போடவும் வேண்டாம். அடுத்த வருடம் பரீட்சை எழுதும் பிரிவில் முழுதாகத் தொடங்குங்கள். இந்த வருடம் எழுதுபவர்களுக்குப் பேப்பர் கிளாஸில் அந்த ஐந்து விரல் மட்டும் போதும்.