இடித்தது ஒரு தடவை, வலி ஏன் இரண்டு தடவை?

கேள்வி: இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். முதலில் சுரீரென்று ஒரு வலி. கொஞ்சம் தாமதமாக, எரிச்சலோடு இன்னொரு வலி வந்து நெடுநேரம் நின்றது. எப்போது இடித்தாலும் இப்படித்தான். நரம்பில் ஏதாவது கோளாறா?

பதில்: இல்லை. நரம்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளமே அதுதான். இரண்டு வலியும் சேர்ந்தேதான் கிளம்புகின்றன. ஒன்று ஓடி வருகிறது, இன்னொன்று ஆடி அசைந்து வருகிறது.

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து உடம்பெங்கும் பிரிந்து போவது புற நரம்பு மண்டலம். உங்கள் சுண்டுவிரலின் வலியைச் சொல்லும் நரம்பு செல் விரலில் குடியிருக்கவில்லை. அதன் உடல் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. இழை மட்டும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டு விரல்வரை வருகிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை, அதுவும் ஒரே செல்லுடையது! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கம்பியில் கரண்ட் பாய்வதுபோல இதில் செய்தி போவதாகச் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. சும்மா இருக்கும் இழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்வில் உள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. ஒரு கணம் மின்நிலை தலைகீழாகிறது. அது பக்கத்து வாயில்களைத் திறக்க, அவை அடுத்தவற்றைத் திறக்க, துடிப்பு நகர்ந்துகொண்டே போகிறது. பல் பிடுங்குமுன் போடும் மரப்பு ஊசி அடைப்பது இந்த வாயில்களைத்தான். இந்தத் துடிப்பில் பெரிது, சிறிது கிடையாது. பலமாக இடித்தால் துடிப்புகள் அடுத்தடுத்து வேகமாகக் கிளம்பும். கூடவே அதிக இழைகளும் சேர்ந்துகொள்ளும்.

சரி, தாமதம் எதனால்? சுரீர் வலி வரும் இழைக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. உறையின் இடைவெளிகளில் துடிப்பு தாவித் தாவிப் போவதால் வேகம் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர். எரிச்சல் வலியின் இழைக்கு உறை இல்லை. வேகம் 2 மீட்டரைத் தாண்டுவது அரிது. ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு வினாடிபோல ஆகிவிடுகிறது. முகத்தில் அடிபட்டால் இந்த இடைவெளியை உணர்வது கடினம், அங்கே தூரம் குறைவு.

இதற்குள் தண்டுவடம், மூளையின் அனுமதிக்குக் காத்திராமல், அந்தக் காலை இழுத்து மற்றக் காலை விறைப்பாக ஊன்ற வைத்திருக்கும். அப்புறம் கை தானாகப் போய் விரலைத் தேய்க்கும். அதில் பலனும் உண்டு: தொடு உணர்வு இழைகளின் செய்தி, தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை ஓரளவு மட்டுப்படுத்தும்.

நன்றாக இடித்தும் வலியே தெரியவில்லை, அல்லது இடிக்காமலே இரண்டு பாதங்களிலும் எரிச்சல், மரப்பு என்றால் மருத்துவரைப் பாருங்கள். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இப்படி ஆவதுண்டு. அவர்கள் வலியை நம்பாமல் தினமும் பாதத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.