பால்வாடி டீச்சரைக் கேளுங்க

கேள்வி: வணக்கம் டீச்சர். எங்க ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை, ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். எங்க தெருவுல எல்லாருமே கூலி வேலைதான், நடவு களைன்னு பொம்பளைங்க விடியகாலைலயே கெளம்பிடுவாங்க, சின்னப் புள்ளைங்கள பாத்துக்க ஆளில்ல. அங்கன்வாடி வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கு, பாதிப் புள்ளைங்க போறதே இல்ல. திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்குற எங்க பசங்க கொஞ்சம் பணம் சேத்துருக்கோம். ஒரு கீத்துக் கொட்டகை போட்டு, பெரிய டிவி வாங்கி ரைம்ஸ் போட்டு இங்கிலீஷ் எல்கேஜி மாதிரி நடத்தலாமா?

பதில்: தம்பி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். ஊரை விட்டுப் போயும் தெருப் புள்ளைங்கள நெனைக்கிறீங்களே, நல்லா இருங்கப்பா. ஆனா கீத்துக் கொட்டகை மட்டும் வேண்டாம். 2004 ஜூலை 16 கும்பகோணத்துல ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில புடிச்ச தீ வகுப்பு மேல இருந்த கீத்துக்குப் பரவி 94 புள்ளைங்க போயிட்டாங்க, நம்ம மண்ணுல நடந்தது, அதுக்கப்புறமும் கீத்துக் கூரைக்குக் கீழ புள்ளைங்கள உக்கார வைக்க எனக்கு மனசு வராது.

டிவியும் வேண்டாம். மூணு வயசுப் புள்ளைக்குப் பேச்சு வர்றது இன்னொரு ஆளு அது மூஞ்சியப் பாத்து பேசுறப்பதான், அது "தண்ணி"ன்னா நாம "எந்தத் தண்ணி, வாய்க்கா தண்ணியா குடிக்கிற தண்ணியா"ன்னு திருப்பிக் கேக்கணும், டிவி கேக்காது. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பொண்ணு வரும், அதுக்கே அஞ்சு வயசு, இடுப்புல கைக்குழந்தைத் தம்பி. வாசப்படி வரைக்கும் வந்து நின்னு பாட்டு கேக்கும், உள்ள வான்னா வராது, தம்பி அழுவான்னு சொல்லும். தம்பியத் தூக்கி ஆயா மடியில குடுத்த அன்னைக்குத்தான் உள்ள வந்து உக்காந்துச்சு. பாருங்க, அதுக்கு அன்னைக்கு வேண்டியிருந்தது ஸ்லேட்டு இல்ல, தம்பியத் தூக்கிக்க ஒரு ஆளு.

அதனால பணத்த ஆளு மேல போடுங்க. அம்மா நடவுக்குப் போறதுக்கும் அங்கன்வாடி சென்டர் திறக்குறதுக்கும் நடுவுல இருக்குற நேரம்தான் உங்க தெருவோட பிரச்சனை. தெருவுலயே பொறுப்பான ஒரு அப்பாயிக்கு மாசச் சம்பளம் பேசுங்க, விடிஞ்சதும் புள்ளைங்கள வாங்கிக்கிட்டு மூஞ்சி கழுவி விட்டு, கைய புடிச்சு அந்தாண்ட கொண்டு விட்டு, சாயந்திரம் கூட்டியாரட்டும். ஜூன்ல மேட்டூர் திறந்து தண்ணி கடைமடைக்கு வந்துட்டா வாய்க்கா நெறஞ்சு ஓடும், தனியா எந்தப் புள்ளையையும் அனுப்பவே கூடாது, மூங்கில் பாலம்னா ரெண்டு பக்கமும் கைப்புடி போடச் சொல்லுங்க. அங்க போனா சத்துமாவு, மதியச் சோறு, வாரத்துக்கு 3 முட்டை, மாசாமாசம் எடை எல்லாம் இருக்கு, இத உங்க கொட்டகையில குடுக்க எவ்ளோ ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, இதத்தான் முக்கியமா சொல்லணும். தெருவுல ஆறு வயசுக்குக் கீழ எத்தன புள்ளைன்னு வீடு வீடா போய் பேரு, வயசு எழுதுங்க. 40 பேரு இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்புக்குக் கேட்ட 3 மாசத்துக்குள்ள சென்டர் தரணும்னு சுப்ரீம் கோர்ட் 2006 டிசம்பர்லயே சொல்லிருக்கு. கம்மியா இருந்தாலும் கேட்டுப் பாருங்க. கிராம சபையில தீர்மானம் போட்டு, மனுவ ஒன்றியத்துல இருக்குற குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்கிட்ட குடுத்து ரசீது வாங்கிக்கங்க. பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க தம்பி, இது தர்மம் கேக்குறது இல்ல, உங்க புள்ளைங்களுக்கு உள்ளது.

கேள்வி: என் பையனுக்கு 4 வயசு டீச்சர். அங்கன்வாடில பாட்டு, விளையாட்டுன்னே போகுது, இன்னும் 'அ' எழுத வரல. வட்டிக்கு வாங்கியாவது பிரைவேட்ல சேத்துடவா?

பதில்: வட்டிக்கு வாங்காதீங்கம்மா. நாலு வயசுல வெரலுக்கு இன்னும் பலம் பத்தாது, பென்சில அழுத்திப் புடிச்சு அழுதுகிட்டே எழுதுற புள்ளைங்கள நான் நெறைய பாத்துட்டேன். வயக்கா களிமண்ண உருட்டி மாடு, பானை செய்யச் சொல்லுங்க, அந்தக் கை தானா எழுத்துக்கு வரும். புளியங்கொட்டைய அஞ்சஞ்சா அடுக்கி எண்ணலாம், ஆனா சின்னத் தம்பி தங்கச்சி வாயில போட்டுடாம பக்கத்துல இருங்க. வேலை முடிஞ்சு வந்ததும் இன்னைக்கு டீச்சர் என்ன கதை சொன்னாங்கன்னு கேளுங்க, தப்பும் தவறுமா சொன்னாலும் நடுவுல திருத்தாம கடைசி வரைக்கும் கேளுங்க.