கேஸ் வாசம் வருகிறது, டிடெக்டர் கத்தவில்லை

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் பவுடர் கோட்டிங் பட்டறை நடத்துகிறேன். ஓவனுக்கு 19 கிலோ எல்பிஜி சிலிண்டர்கள் ஆறு, ஒரே மேனிஃபோல்டில், அதாவது எல்லாவற்றையும் சேர்க்கும் பொதுக் குழாயில். சில நாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கேஸ் வாசம் வருகிறது. கூரைக்கு அடியில் மாட்டிய டிடெக்டர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மாட்டிய ஏஜென்ட், "கொஞ்சம்தான் கசியும், பயமில்லை. வேண்டுமானால் இன்னொரு டிடெக்டர் போடலாம், சேஃப்டி சர்டிபிகேட்டும் நானே வாங்கித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். கசிவு இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டிய கருவி தப்பான இடத்தில் இருக்கிறது. எல்பிஜியில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. இரவு முழுக்கக் கசிந்த கேஸ் தரையோடு படர்ந்து, கேபிள் போகும் பள்ளத்திலும் சாக்கடைக் குழியிலும் தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். டிடெக்டர் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, ஏஜென்ட்கள் குழப்புவதும் இதை வைத்துத்தான். குழாயில் வரும் பிஎன்ஜி பெரும்பாலும் மீத்தேன். அது காற்றைவிட லேசு, மேலே ஏறும். அதற்கு டிடெக்டர் கூரைக்கு அருகில்தான் இருக்க வேண்டும். ஓவனை பிஎன்ஜிக்கு மாற்றிவிட்டு, வேறு வேலைக்கு எல்பிஜி சிலிண்டரையும் வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு. அங்கே மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் வேண்டும். இடம் மட்டும் போதாது. மீத்தேனுக்கு அளவு திருத்திய சென்சாரை எல்பிஜிக்குப் போட்டால் அது காட்டும் அளவு சரியாக இருக்காது. உங்கள் கருவி எந்த கேஸுக்குத் திருத்தப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

அப்புறம், சிகரெட் லைட்டரைத் திறந்து காட்டி "பாருங்கள், கத்துகிறது" என்பார்கள். அது சோதனையே இல்லை, சில சென்சார்களை அதுவே கெடுத்துவிடும். அளவு தெரிந்த சோதனை கேஸால்தான் பார்க்க வேண்டும். பட்டறையில் சிலிக்கோன் ஸ்பிரே அடிப்பீர்களா? அதன் ஆவி பட்டாலும் சில வகை சென்சார்கள் செத்துவிடும். விளக்கு எரியும், வேலை செய்யாது.

வாசம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் வாசம் போய்விடும் என்று கை அதற்குத்தான் போகும், அந்த சுவிட்சின் பொறி போதும். ஆட்களை வெளியே அனுப்பி, கதவுகளைத் திறந்துவிட்டு, பத்திரமாக எட்ட முடிந்தால் சிலிண்டர் வால்வுகளை மூடுங்கள். முடியாவிட்டால் விலகி நின்று 112க்குக் கூப்பிடுங்கள். எல்பிஜி கசிவுக்கு 1906 இருக்கிறது.

வாசம் முழுதும் போன பிறகு பிக்டெயில் ஓஸ் (சிலிண்டரை மேனிஃபோல்டோடு சேர்க்கும் சிறு குழாய்), ரெகுலேட்டர், ஒவ்வொரு ஜாயிண்ட் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை எழும்பும் இடத்தில்தான் கசிவு. தீக்குச்சியால் பார்ப்பவரை வேலைக்கு வைக்காதீர்கள். ராத்திரி பர்னர் வால்வை மட்டும் மூடிவிட்டுப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். சிலிண்டர் வால்வை மூடாதவரை குழாய் முழுக்க அழுத்தம் நிற்கும்.

சர்டிபிகேட் விஷயம். ஆறு சிலிண்டர் 114 கிலோ. 100 கிலோவுக்கு மேல் எல்பிஜி வைக்க பெசோ, அதாவது மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, தரும் உரிமம் வேண்டும். ஐந்தை உங்கள் பேரிலும் மீதியை மச்சான் பேரிலும் எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒரே கூரைக்கு அடியில் இருக்கும் கேஸுக்கு யார் பேர் என்று தெரியாது. விண்ணப்பத்தை ஆன்லைனில் நீங்களே போடலாம். கோப்பில் காகிதம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறார்கள், குனிந்து அந்தக் குழியைப் பார்க்க யாரும் வருவதில்லை. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. ஏஜென்ட் கையில் கொடுக்க இருக்கும் பணத்தில் முதலில் எல்லா ஓஸையும் மாற்றுங்கள், டிடெக்டரைக் கீழே இறக்குங்கள். உரிமம் வரும்வரை ஒரு சிலிண்டரைக் குறைத்து ஓட்டுங்கள்.